‘புரவோக்’ என்று எழுதுவதற்கு முன்: மெமோவுக்கு ஆங்கிலத்தில் பதில் எழுதுவோருக்கான வழிகாட்டி

ஓர் ஆங்கிலச் சொல்லை அதற்கு உரியதல்லாத இடத்தில் எழுதியதற்காக எனக்கு 7 நாள் சம்பளம் போயிற்று. குமரி மாவட்டத்தில், குலசேகரம் பக்கத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் தனியார் நிறுவனம் ஒன்றின் கிடங்கில் அப்போது எடை எழுதிக்கொண்டிருந்தேன். சரியாகக் காயாத ஷீட்டுக்கு எவ்வளவு கழிவு போடுவது என்பதில் எனக்கும், வேனில் சரக்கு கொண்டுவந்த சக ஊழியர் ஒருவருக்கும் பேச்சு முற்றியது. அவர் மேசையிலிருந்த 5 கிலோ எடைக்கல்லை எடுத்து என்னை நோக்கி ஓங்கினார். நான் அவருடைய மார்பில் கைவைத்துத் தள்ளினேன். அவர் ஷீட் அடுக்கின் மேல் விழுந்தார். காயம் எதுவும் இல்லை.

வேறு மாநிலத்தில் இருந்த தலைமை அலுவலகத்திலிருந்து மறுநாளே ஆங்கிலத்தில் மெமோ வந்தது. 3 நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும் என்று அதில் இருந்தது. தக்கலையில் ஒரு தட்டச்சுக் கடையில் உட்கார்ந்து, ‘அவர் என்னைச் சீண்டினார், அதனால் தள்ளினேன்’ என்று நான் சொல்ல, ‘ஹி புரவோக்ட் மீ அண்ட் ஐ புஷ்ட் ஹிம்’ என்று அச்சாகி வந்தது. படித்துப் பார்த்தபோது எனக்கும் அது சரியாகவே தோன்றியது. விசாரணை அதிகாரி அந்த வரியின் கீழ்க் கோடு போட்டுவிட்டு, ‘தள்ளியதை ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள், அப்படித்தானே?’ என்று மட்டும் கேட்டார். வேறு கேள்வி எதுவும் இல்லை. ஓங்கிய எடைக்கல்லைப் பற்றி என் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு உறவினர், அயலார் எனப் பலருக்கு இத்தகைய கடிதங்கள் எழுத உதவியிருக்கிறேன். பெரும்பாலோர் இதே சொல்லில்தான் வந்து இடறுகிறார்கள். நான் வழக்கறிஞன் அல்லன். வழக்கு நீதிமன்றம் வரை போகும் என்று தோன்றினால் வழக்கறிஞரிடம் போய்விடுங்கள். அதற்கு முந்தைய கட்டத்தில், சொந்தக் கையால் எழுதும் ஒரு கடிதத்தில் நமக்கு நாமே குழி தோண்டிக்கொள்ளாதிருக்க வேண்டிய முறையை மட்டும் இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. சொல்லைச் சரியாகப் பிடித்துக்கொள்ளுங்கள்

வினைச்சொல் ‘புரவோக்’ (provoke). நடந்து முடிந்ததைச் சொல்லும்போது ‘புரவோக்ட்’. பெயர்ச்சொல் ‘புரவகேஷன்’ (provocation). உச்சரிக்கும்போது வினையில் அழுத்தம் ‘வோ’ என்ற அசையிலும், பெயர்ச்சொல்லில் ‘கே’ என்ற அசையிலும் விழும். எழுதும்போது வினைச்சொல்லில் வரும் ஆங்கிலக் ‘கே’ எழுத்து, பெயர்ச்சொல்லில் ‘சி’ ஆக மாறிவிடும். தட்டச்சுக் கடைகளில் பெயர்ச்சொல்லிலும் ‘கே’ போட்டு அடித்த கடிதங்களைப் பார்த்திருக்கிறேன். பொருள் கெடாது என்றாலும், படிக்கிறவர் நம் கடிதத்தின் மீது வைக்கும் மதிப்பு முதல் பத்தியிலேயே குறைந்துவிடும்.

ஒருவரிடமிருந்து கோபத்தையோ வேறு ஓர் எதிர்வினையையோ வேண்டுமென்றே வரவழைத்தல் என்பதே இதன் பொருள். இதன் லத்தீன் வேரில் ‘அழைத்தல்’ என்ற பொருள் இருக்கிறது. நம் பக்கத்தில் ‘சண்டைக்குக் கூப்பிடுகிறான்’ என்று சொல்வதற்கு மிக நெருக்கமான சொல் இது. அந்த ஒப்புமையை மனத்தில் வைத்துக்கொண்டால், இனி நான் சொல்லப்போவது எளிதாக விளங்கும். கூப்பிட்டவர் ஒருவர் இருந்தால், கூப்பிட்ட இடத்துக்குப் போனவர் ஒருவரும் இருக்கிறார். ‘அவர் என்னைப் புரவோக் செய்தார்’ என்று எழுதும் ஒவ்வொரு முறையும், ‘நான் போனேன்’ என்பதையும் சேர்த்தே எழுதிவிடுகிறீர்கள்.

2. நடந்ததை முதலில் தமிழில் எழுதுங்கள். பிறகு உங்கள் வினைச்சொல்லைத் தேடுங்கள்

ஆங்கிலத்தில் நேரடியாகத் தொடங்காதீர்கள். ஒரு தாளில், நடந்ததை நடந்த வரிசையில், நீங்கள் பேசும் தமிழிலேயே எழுதுங்கள். அதில் எதிராளி செய்ததைக் குறிக்கும் வினைச்சொற்களுக்கு அடியில் கோடு போடுங்கள். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

தமிழில் ‘தூண்டுதல்’ என்ற ஒரே சொல் பல வேலைகளைச் செய்கிறது. விளக்குத் திரியைத் தூண்டுகிறோம், நல்ல பேச்சு சிந்தனையைத் தூண்டுகிறது, வன்முறையைத் தூண்டியதாக ஒருவர் கைதாகிறார், தற்கொலைக்குத் தூண்டியதாக இன்னொருவர் மீது வழக்குப் பதிவாகிறது. இவை அனைத்தையும் நாம் எந்தக் குழப்பமும் இல்லாமல் புரிந்துகொள்கிறோம். ஆங்கிலத்தில் இவற்றுள் சிந்தனையைத் தூண்டுவதற்கு மட்டுமே ‘புரவோக்’ பொருந்தும். வன்முறையைத் தூண்டுவது ‘இன்சைட்’ (incite). தற்கொலைக்குத் தூண்டுவது சட்டத்தில் ‘அபெட்மென்ட்’. திரியைத் தூண்டுவதற்கு இவற்றில் எதுவுமே பொருந்தாது. கைப்பேசியில் உள்ள மொழிபெயர்ப்புச் செயலியில் ‘தூண்டினார்’ என்று தனியே இட்டால், அது இவற்றுள் ஏதோ ஒன்றை எடுத்து நீட்டும். உங்கள் கிடங்கில் என்ன நடந்தது என்பது அதற்குத் தெரியாது.

நம் வாயில் வரும் சொற்களை நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். சீண்டுதல், வம்புக்கு இழுத்தல், ஆத்திரமூட்டுதல் ஆகிய மூன்றும் ‘புரவோக்’ என்பதற்குள் அடங்கும். கடுப்பேற்றுதல், எரிச்சலூட்டுதல் ஆகியவை அதைவிட லேசானவை. அவற்றுக்கு ‘இரிடேட்’ அல்லது ‘அனாய்’ போதும். பழைய தவறையோ குடும்பக் கஷ்டத்தையோ சொல்லிக் குத்திக்காட்டியிருந்தால் ‘டான்ட்’ (taunt) என்பதே துல்லியமான சொல். இதை எழுதுவதில் ஒரு நன்மை உண்டு: எதிராளி செய்ததை மட்டும் அது சொல்லும், நீங்கள் ஏதாவது செய்தீர்களா என்பதைச் சொல்லாது. நாள்கணக்கில், வாரக்கணக்கில் விடாமல் குத்திக்கொண்டே இருந்தார் என்றால் அது ‘கோட்’ (goad). அந்தச் சொல்லின் நேர்ப்பொருளே மாட்டை ஓட்டும் தார்க்குச்சிதான்.

உசுப்பேற்றுதல் என்பது வேறு. உங்களோடு சண்டை போட்டவர் உங்களை உசுப்பேற்றுவதில்லை. ஓரமாக நின்று ‘விடாதடே, நாலு போடு’ என்று சொல்கிற மூன்றாமவர்தான் உசுப்பேற்றுகிறார். அதற்கு ‘எக் ஆன்’ (egg on) என்று எழுத வேண்டும். அந்த மூன்றாமவர் பின்னணியில் இருந்துகொண்டு கொம்பு சீவி விட்டார், ஏவி விட்டார் என்றால் ‘இன்ஸ்டிகேட்’. இது கனமான சொல். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 45-ஆம் பிரிவில் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதை வரையறுக்கும் இடத்தில் முதலில் வருவது இந்தச் சொல்தான். மேலாளர் ஒருவர் இரண்டு பேருக்கு இடையில் மூட்டிவிட்டார் என்ற சந்தேகத்தில் மட்டும் இதை எழுதிவிடாதீர்கள். எழுதினால் நிரூபிக்கச் சொல்வார்கள்.

பெண்கள் எழுதும் கடிதங்களில் ஒரு பெரிய அபாயம் உண்டு. நாளிதழ்களில் ‘பாலியல் சீண்டல்’ என்று வருவதைப் பார்த்துப் பழகியதால், ‘சீண்டினார்’ என்றதும் ‘புரவோக்ட்’ என்று அடித்துவிடுகிறார்கள். அது முழுத்தவறு. அந்தச் சீண்டல் ‘ஹராஸ்மென்ட்’. அதற்குத் தனிச் சட்டமும் பணியிடத்தில் தனி விசாரணைக் குழுவும் உண்டு. பெயரடையான ‘புரவாக்கடிவ்’ என்ற சொல்லையோ அறவே தவிர்த்துவிடுங்கள். உடை, நடை ஆகியவற்றோடு சேரும்போது அது காமத்தைக் கிளப்புவது என்ற பொருளைத் தரும். கருங்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு சகோதரியின் கடிதத்தில், மேற்பார்வையாளரின் பேச்சு ஆத்திரமூட்டுவதாக இருந்தது என்று சொல்ல நினைத்து அந்தச் சொல்லைப் போட்டிருந்தார்கள். வாக்கியமும் இடம் மாறி, அந்தச் சகோதரியின் பேச்சே அப்படி இருந்ததாகப் பொருள் வந்துவிட்டது. கையெழுத்துப் போடுவதற்கு முன் கண்ணில் பட்டது நல்லகாலம்.

நம் மாவட்டத்தவருக்கு மட்டும் கைகொடுக்கக்கூடிய ஓர் உரைகல்லும் இருக்கிறது. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கங்களில் மலையாளச் செய்தி காதில் விழாத வீடு குறைவு. அந்தச் செய்திகளில் ‘பிரகோபனம்’ என்று வந்தால் அது ‘புரவகேஷன்’. ‘பிரேரணை’ என்று வந்தால் அது தூண்டிவிடுதல், உடந்தையாதல். நம் தமிழில் பிரேரணை என்றால் கூட்டத்தில் கொண்டுவரும் முன்மொழிவு. அந்தப் பொருளை இங்கே மறந்துவிடுங்கள். உங்கள் கதையை மனத்துக்குள் மலையாளத்தில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். வாயில் பிரகோபனம் வராவிட்டால் கடிதத்திலும் ‘புரவோக்’ வரக்கூடாது.

3. உங்கள் வழி எது என்று முடிவு செய்யுங்கள்

இந்தப் படியைத் தாண்டாமல் அடுத்ததற்குப் போகாதீர்கள். கைகலப்புக்குப் பிறகு எழுதப்படும் விளக்கம் பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்றில் போகும். முதல் வழி, நான் அதைச் செய்யவே இல்லை என்பது. இரண்டாவது, செய்தேன், ஆனால் என்னைக் காத்துக்கொள்வதற்காகச் செய்தேன் என்பது. மூன்றாவது, செய்தேன், அவர் சீண்டியதால் நிதானம் இழந்து செய்துவிட்டேன் என்பது. ‘புரவோக்’ மூன்றாவது வழிக்கு மட்டுமே உரிய சொல்.

வித்தியாசம் எவ்வளவு பெரியது என்பதைச் சட்டத்தில் பார்க்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34-ஆம் பிரிவு, தற்காப்புரிமையின்படி செய்த எதுவும் குற்றமாகாது என்கிறது. அதே சட்டத்தில், வேண்டுமென்றே காயம் விளைவிப்பதற்கு 115-ஆம் பிரிவின்படி 1 ஆண்டு வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். அதே காயத்தைக் கடுமையான, திடீர் ஆத்திரமூட்டலுக்கு ஆளாகி, ஆத்திரமூட்டியவருக்கே விளைவித்திருந்தால், 122-ஆம் பிரிவின்படி அது 1 மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று குறைகிறது. கவனியுங்கள்: குறைகிறது, இல்லாமற்போகவில்லை. ‘புரவகேஷன்’ என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையில் தள்ளுபடி கேட்பது. தற்காப்பு என்பது குற்றமே இல்லை என்பது. அலுவலக விசாரணை நீதிமன்றம் அன்று என்றாலும், கடிதத்தைப் படிக்கிறவரின் மனம் இதே தடத்தில்தான் ஓடுகிறது. எடைக்கல் ஓங்கப்பட்ட நான் இரண்டாவது வழியில் நின்றிருக்க வேண்டியவன். ஒரே சொல்லால் மூன்றாவது வழிக்கு நானே நடந்து போனேன்.

மூன்றாவது வழிதான் உங்களுடையது என்றாலும், எல்லாச் சீண்டலும் கணக்கில் வராது. மேற்சொன்ன 122-ஆம் பிரிவுக்கும், கொலை பற்றிய 101-ஆம் பிரிவின் முதல் விலக்குக்கும் பொதுவாக மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. அடிப்பதற்குச் சாக்கு வேண்டும் என்று நீங்களே தேடிப்போய் வரவழைத்த சீண்டலாக இருக்கக்கூடாது. சட்டத்துக்குக் கீழ்ப்படிந்து செய்த செயலோ, அரசு ஊழியர் தம் அதிகாரத்தைச் சட்டப்படி பயன்படுத்திச் செய்த செயலோ சீண்டல் ஆகாது. எதிராளி தம்மைக் காத்துக்கொள்ளச் செய்ததும் சீண்டல் ஆகாது. இதே முறையில்தான் அலுவலகத்திலும் யோசிப்பார்கள். மேற்பார்வையாளர் பதிவேட்டைக் காட்டச் சொன்னார், பையைச் சோதித்தார், தாமதத்துக்குக் காரணம் கேட்டார் என்பனவற்றைச் சீண்டலாக எழுதினால் உங்கள் கடிதமே உங்களுக்கு எதிரான சாட்சியாகிவிடும்.

4. வாக்கியத்தை அமையுங்கள்

‘ஹி புரவோக்ட் மீ’ என்று மொட்டையாக நிறுத்தாதீர்கள். அது முடிவைச் சொல்கிறதே தவிர, செயலைச் சொல்லவில்லை. எப்படிச் சீண்டினார் என்பதை ‘பை’ என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்லுங்கள்: ‘ஹி புரவோக்ட் மீ பை காலிங் மீ எ தீஃப் இன் ஃப்ரன்ட் ஆஃப் த கஸ்டமர்ஸ்’. வாடிக்கையாளர்கள் முன்னிலையில் திருடன் என்று சொன்னார் என்பது இப்போது பதிவாகிவிட்டது. அதை இனி அவர்தான் மறுக்க வேண்டும்.

அவர் சீண்டியும் நீங்கள் அசையாமல் இருந்தீர்கள் என்றால், ‘ட்ரைட் டு’ என்ற இரண்டு சொற்களை முன்னால் போட மறக்காதீர்கள்: ‘ஹி ட்ரைட் டு புரவோக் மீ, பட் ஐ டிட் நாட் ரெஸ்பாண்ட்’. சீண்ட முயன்றார், நான் பதில் கொடுக்கவில்லை. அந்த இரண்டு சொற்கள் இல்லாவிட்டால் முயற்சி பலித்துவிட்டதாகப் பொருள்.

‘சண்டைக்கு இழுத்தார்’ என்பதில் உள்ள நான்காம் வேற்றுமை நம்மைத் தவறாமல் ஏமாற்றும். ‘புரவோக்ட் மீ ஃபார் ஃபைட்’ என்று எழுதிவிடுவோம். ஆங்கிலத்தில் ‘இன்டு எ ஃபைட்’ என்றுதான் வரும். அதேபோல் ‘என்னிடம் வம்பு செய்தார்’ என்பதை ஒட்டி ‘புரவோக்ட் டு மீ’ என்று எழுதக்கூடாது. ‘புரவோக்’ யாரைச் சீண்டுகிறதோ அவரை இடையில் எதுவும் வைக்காமல் நேரே பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது வழியில் நிற்பவர்களுக்கு மிகவும் பயன்படும் தொடர் ‘வித்தவுட் எனி புரவகேஷன்’ என்பது. என் தரப்பில் எந்தச் சீண்டலும் இல்லாமலே அவர் ஓங்கினார் என்பதை அது சொல்லும். ஆனால் அதற்கு முன் நீங்களும் இரண்டு வார்த்தை ஏசியிருந்தால் இந்தத் தொடரை எழுதாதீர்கள். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்ட சாட்சி ஒருவர் எங்காவது இருப்பார். நான் அன்று எழுதியிருக்க வேண்டிய வாக்கியம் இதுதான்: ‘ஹி ரெய்ஸ்ட் எ ஃபைவ் கிலோ அயர்ன் வெயிட் அட் மீ, அண்ட் ஐ புஷ்ட் ஹிம் அவே டு புரொடெக்ட் மைசெல்ஃப்’. இதில் ‘புரவோக்’ என்ற சொல்லே இல்லை என்பதைப் பாருங்கள்.

மெமோவில் உங்களைப் பற்றி ‘அட் த ஸ்லைட்டஸ்ட் புரவகேஷன்’ என்று இருந்தால் அதைக் கண்டும் காணாமலும் விட்டுவிடாதீர்கள். தொட்டதற்கெல்லாம் கோபப்படுகிறவர் என்று உங்களைச் சொல்கிறார்கள். இதற்கு முன் இத்தகைய புகார் என்மேல் வந்ததில்லை என்று ஒரு தனி வாக்கியத்தில் மறுத்து எழுதுங்கள். அது உண்மையாக இருக்கும் பட்சத்தில்.

5. ஏச்சை மொழிபெயர்க்காதீர்கள்

எதிராளி சொன்ன வார்த்தைகளை அப்படியே தமிழ் எழுத்தில், மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். அதற்குப் பிறகு அதன் பொருளை ஆங்கிலத்தில் ஒரு வரியில் விளக்குங்கள். நம் ஊர் ஏச்சுகள் ஆங்கிலத்துக்குப் போனால் பல்லிழந்துவிடும். ‘இது ஒனக்க அப்பன் வீட்டுச் சொத்தாடே?’ என்று ஒருவர் கேட்டதை ஒரு கடையில் சொல்லுக்குச் சொல் மாற்றி, இது உங்கள் தந்தையாரின் சொத்தா என்று வினவியதாக அடித்துக் கொடுத்திருந்தார்கள். கிரயப் பத்திரம் எழுதப் போன இடத்தில் கேட்கும் கேள்வி மாதிரி இருந்தது. படித்தவர் இதில் என்ன கோபம் வரவேண்டும் என்று கேட்டாராம். ‘நீ பெரிய இவனாடே?’ என்பதை மாற்றவே முடியாது. தமிழில் எழுதிவிட்டு, பலர் முன்னிலையில் இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொன்ன வார்த்தை என்று ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினால் போதும்.

கெட்ட வார்த்தைகளை எழுதக் கூச்சமாக இருந்தால், முதல் எழுத்தை மட்டும் போட்டுப் புள்ளி வைக்காதீர்கள். பெற்றோரைப் பற்றிய இழிசொல், சாதியைக் குறித்த இழிசொல் என்று வகையைச் சொல்லுங்கள். சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியிருந்தால் கடிதத்தோடு நிற்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்; அது வேறு சட்டத்தின் கீழ் வரும் கடுமையான குற்றமாக இருக்கக்கூடும்.

6. நிமிடக்கணக்கை எழுதுங்கள்

சீண்டலுக்கும் உங்கள் செயலுக்கும் இடையில் எவ்வளவு நேரம் என்பதை எழுதாத கடிதம் பாதிக் கடிதம்தான். ‘கிரேவ் அண்ட் சடன்’ என்று சட்டம் சொல்வதில் ‘சடன்’ என்ற பாதியை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். காலையில் ஏசினார், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போய் அடித்தேன் என்றால் அது திடீர் அன்று. 1959-இல் பம்பாயில் நடந்த நானாவதி கொலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1961-இல் பார்த்ததும் இதைத்தான். கடற்படை அதிகாரியான நானாவதி, மனைவி தனக்கு வேறொருவருடன் இருந்த தொடர்பைச் சொன்னதைக் கேட்டு வீட்டை விட்டுக் கிளம்பியதற்கும் அந்த ஆளைச் சுட்டதற்கும் இடையே ஏறக்குறைய 3 மணி நேரம் ஓடியிருந்தது. அதற்குள் அவர் கப்பலுக்குப் போய்த் துப்பாக்கியை எடுத்திருந்தார். நிதானத்துக்கு வர அந்த நேரம் போதுமானது என்று கூறி, ஆயுள் தண்டனையை நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆகவே, ‘10.40-க்கு இதைச் சொன்னார், உடனே இது நடந்தது, 10.45-க்கு மேலாளர் வந்தார்’ என்ற வகையில் எழுதுங்கள். நேரம் உறுதியாகத் தெரியாவிட்டால் தோராயமாக என்று சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவேட்டோடு முரண்படும் நேரத்தைக் கற்பனையாக எழுதுவதைவிட அது எவ்வளவோ மேல்.

7. ஆவணங்கள், செலவு, நாட்கள்

மெமோ கைக்கு வந்த நாளையும் நேரத்தையும் அதன் மேலேயே எழுதி, ஒரு நகல் எடுத்து வையுங்கள். கெடு அந்த நேரத்திலிருந்து எண்ணப்படுகிறதா, மெமோவில் போட்ட தேதியிலிருந்து எண்ணப்படுகிறதா என்பதை உள்ளே படித்துப் பாருங்கள். 3 நாள் போதாது என்றால் கெடு முடிவதற்கு முன்பே, முடிந்த பிறகு அன்று, எழுத்து மூலம் அவகாசம் கேளுங்கள்.

கண்காணிப்புக் கேமரா இருந்தால் அன்றைய பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி முதல் நாளிலேயே ஒரு தனிக் கடிதம் கொடுங்கள். பல இடங்களில் சில வாரங்களுக்குள் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். எனக்கு அதுதான் நடந்தது. இவற்றோடு வருகைப் பதிவு, வாயில் பதிவேட்டின் நகல், அன்றைய எடைச்சீட்டு போன்ற நேரம் காட்டும் தாள்கள், நேரில் பார்த்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றைச் சேருங்கள். கையில் சிறு கீறல் இருந்தாலும் அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் வெளிநோயாளர் சீட்டு வாங்குங்கள். இரண்டு நாள் கழித்து வாங்கிய சீட்டுக்குக் கேள்விகள் அதிகம்.

விளக்கக் கடிதத்துக்கு முத்திரைத்தாளும் வேண்டாம், நோட்டரி கையெழுத்தும் வேண்டாம். நீதிமன்ற வளாகங்களை ஒட்டிய சில கடைகளில் ‘பத்திரத்தில் அடித்தால்தான் மதிப்பு’ என்பார்கள், கேட்காதீர்கள். நான் கடைசியாக உதவிய கடிதத்துக்கு ஆன செலவு: தட்டச்சு 3 பக்கத்துக்கு 150 ரூபாய், நகலெடுக்க 24 ரூபாய், அதற்கு மேல் அஞ்சல் செலவு மட்டும். மொழிபெயர்ப்பையும் கடையிலேயே கேட்டிருந்தால் மேலும் 300 ரூபாய் ஆகியிருக்கும். இந்தக் கணக்குக்கு எதிரே என் 7 நாள் சம்பளத்தை வைத்துப் பாருங்கள்: நாளொன்றுக்கு 650 வீதம் 4,550 ரூபாய்.

நாட்களை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் தமிழ் வரைவும் கேமராக் கடிதமும். இரண்டாம் நாள் ஆங்கிலம். அடித்த கடிதத்தை அன்றே கொடுத்துவிடாமல், நடந்தது எதுவும் தெரியாத, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டி, ‘இதைப் படித்தால் நான் என்ன செய்ததாகத் தெரிகிறது?’ என்று கேளுங்கள். பள்ளி ஆசிரியர், வங்கி ஊழியர், கல்லூரி போகும் பக்கத்து வீட்டுப் பிள்ளை, யாரானாலும் சரி. அவர் சொல்லும் பதிலும் உங்கள் தமிழ் வரைவும் ஒத்துப்போகாவிட்டால் கடிதம் இன்னும் முடியவில்லை. மூன்றாம் நாள் நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்குங்கள். தர மறுத்தால் அன்றே விரைவு அஞ்சலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

தமிழ் வரைவையும் கையெழுத்திட்டுக் கடிதத்தோடு இணைத்து, இரண்டுக்கும் வேறுபாடு தோன்றினால் தமிழே என் வாக்குமூலம் என்று கடைசியில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் பிள்ளைகள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். அங்கே ஆங்கிலக் கடிதம் மறுபடியும் அரபுக்குப் போகும்போது, ஒரு பிழை இரண்டாகிவிடும்.

8. காவல் நிலையம் வரை போனால்

காவல் நிலையத்தில் மனுவைத் தமிழிலேயே கொடுங்கள். ஆங்கிலம் எந்த வகையிலும் தேவையில்லை. ஏசிச் சண்டைக்கு இழுத்தது மட்டுமே புகார் என்றால் அது பெரும்பாலும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 352-ஆம் பிரிவுக்குள் வரும். பொது அமைதி குலையும் வகையில் ஆத்திரமூட்டும் நோக்கத்தோடு வேண்டுமென்றே இழிவுபடுத்துதல் என்பது அந்தக் குற்றம். 2 ஆண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். ஆனால் நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை தானாகப் புலனாய்வு செய்ய முடியாத வகையைச் சேர்ந்தது அது. எனவே உடனே முதல் தகவல் அறிக்கை போடவில்லையே என்று நிலையத்தில் சண்டை பிடிக்காதீர்கள். மனு ஏற்பு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்; நம் பேச்சில் அது சி.எஸ்.ஆர். அதன் நகலை மெமோவுக்கான பதிலோடு இணைத்தால் தேதிக்கு ஒரு சாட்சி கிடைத்துவிடும். முதல் தகவல் அறிக்கை பதிவானால், புகார் கொடுத்தவருக்கு அதன் நகல் இலவசம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், குறிப்பிட்ட வருமான வரம்புக்குள் இருப்பவர்கள் ஆகியோருக்கு இலவச சட்ட உதவி உண்டு. நாகர்கோவிலில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

9. விசாரணை நாளில்

கடிதத்தை எவ்வளவு கவனமாக எழுதியிருந்தாலும், விசாரணை அறையில் ‘டிட் ஹி புரவோக் யூ?’ என்று கேட்பார்கள். ‘எஸ்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திவிடாதீர்கள். தமிழில் பதில் சொல்ல அனுமதி கேளுங்கள். சொன்னதை ஆங்கிலத்தில் எழுதுகிறவர், நேரம் மிச்சம் என்று, நீங்கள் ‘கல்லை ஓங்கினார்’ என்று சொன்னதையும் ‘புரவோக்ட்’ என்றே குறித்துக்கொள்ளக்கூடும். ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்துக் காட்டச் சொல்லி, அந்தச் சொல் வரும் இடங்களில் எல்லாம் நீங்கள் சொன்ன செயலை எழுதித் திருத்தச் செய்து, திருத்தத்தின் பக்கத்தில் அவருடைய சுருக்கொப்பம் விழுந்த பிறகு மட்டும் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள். திருத்த மறுத்தால், ‘நான் சொன்னது இது’ என்று கையெழுத்தின் மேலேயே தமிழில் எழுதித் தேதி போடுங்கள்.